பணியக் கணக்கு

இதை எழுதுகிறவன் அமிர்தநாதனை முதன்முதலில் பார்த்தது ரயிலில். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, வட்டவளை ஸ்டேஷனில் ஏறிய மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு மெலிந்த பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஹட்டனிலிருந்தே வருகிறவன். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. புதுச் சப்பாத்து இரண்டும் காலில் இல்லை, மடியில் இருந்தன.

"கடிக்குதுங்களா?"

"கடிச்சாத் தாங்கிக்கலாங்க. இது மென்னுல்ல துப்புது" என்றான்.

பேச்சுக் கொடுத்ததில் இருவருக்கும் ஒரே பயணம் என்று தெரிந்தது. பேராதனைக்கு, பல்கலைக்கழகத்துக்கு.

"என்ன படிக்கப் போறீங்க?"

"சட்டங்க."

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் சட்டம் படிக்கப் போகிறான் என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. இதை எழுதுகிறவனும் கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கைநாட்டு வைக்கிற தகப்பனுக்குப் பிறந்து, வம்சத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவன்தான். அந்தப் பெருமை மார்பை அடைத்துக்கொண்டு நின்றது. ஆகவே, "கறுப்புக் கோட்டு, காரு, பங்களா. குடுத்து வெச்சவருங்க நீங்க" என்று சொன்னதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது.

அமிர்தநாதன் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியணுங்க. அதுக்குத்தான் போறேன்."

"ஒரே ஒரு கேள்விக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான். எங்க மதினி கேட்டது. கதை பெருசு. கம்பளை வரைக்கும் வரும்."

வந்தது. கம்பளையைத் தாண்டியும் வந்தது.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டம். மலையின் தோளில் ஒரு டிவிஷன், மலையடியில் ஆற்றைப் பார்த்தாற்போல இன்னொரு டிவிஷன். தோட்டத்துப் பேச்சில் டிவிஷனுக்குக் 'கணக்கு' என்று பேர். கீழே என்பதற்குப் 'பணிய' என்பார்கள். ஆக, மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது பணியக் கணக்கு. அங்கே பிறந்த குழந்தை நடக்கப் பழகும்போதே பழகிக்கொள்கிற சொற்கள் இவை. யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

அமிர்தநாதனின் அண்ணன் கஸ்பர் மேக்கணக்கு லயத்தில் இருந்தான். தாய் தகப்பன் காலமான பிறகு தம்பிக்குச் சோறு வடித்துப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் அவன்தான். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற கவ்வாத்து வேலையில் கெட்டிக்காரன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பணியக் கணக்கில் மரியநாயகி என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் உண்டா என்று சாமியார் பூசையில் கேட்பாரே, அதுதான். யாரும் தடை சொல்லவில்லை. மாதா திருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று இருந்தது.

ஐம்பத்திரண்டில், அந்தத் திருநாளுக்குச் சற்று முன்னால், கஸ்பர் ஒரு காலை பெரட்டுக்குப் பிந்திப் போனான். விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. பிந்தி வந்தவனுக்கு இன்றைக்கு வேலை கிடையாது என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். கஸ்பர் சும்மா திரும்பியிருந்தால் தேவலை.

"உங்க வீட்டு அம்மா பிந்திச் சோறு போட்டா, அவங்களயும் இப்பிடித்தான் திருப்பி அனுப்புவீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டான். பெரட்டே சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை.

வேலை இல்லாத கஸ்பர் மலையிறங்கிப் பணியக் கணக்குக்குப் போய், திருநாளுக்காக மாதா கோயில் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சலில் கிடந்து எழுந்து அன்று வேலைக்குப் போகாதிருந்த மரியநாயகி கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். பிற்பகலில் மலையெல்லாம் மூட்டம் போட்டது. அந்த மூட்டத்துக்குள் மேக்கணக்கு மலையில் யாரோ கணக்கப்பிள்ளையின் கையில் கத்தியை இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் காலையில் பெரட்டு சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே இருந்தது. கஸ்பர்தான் என்றார். மறுநாள் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலம். கஸ்பருக்காக நின்ற வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் சொல்வதை ஆங்கிலமாக்கிச் சொல்ல ஓர் உத்தியோகத்தர் இருந்தார், முதலியார் என்பார்கள். அவர் வேறு பக்கத்து மனிதர், மலைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. அன்று கஸ்பர் எங்கே இருந்தான் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி மரியநாயகி. கூண்டில் ஏறினாள், பைபிளைத் தொட்டாள், சொன்னாள்:

"அன்னைக்குப் பூரா அவரு பணியக் கணக்குலதாங்க நின்னாரு."

முதலியார் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். உடனே அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து தோட்டத்துச் செக்ரோலை நீட்டினார். அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிகிற புத்தகம் அது. "கஸ்பர் பேரு அன்னைக்கு இதுல விழுந்திருக்கா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்களே. அவரத்தான் பெரட்டுல திருப்பி அனுப்பிட்டாங்களே."

முதலியார் அதையும் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். அதை மட்டும் முதலியார் தெளிவான தமிழில் அவளுக்குத் திருப்பிச் சொன்னார்.

"நீ சொன்னது பொய் எண்டு ஐயா சொல்லுறார்."

கஸ்பருக்கு இரண்டு வருஷம் கடூழியம்.

சிறையிலிருந்து வந்தவனுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. தோட்டத்துத் தமிழர் பெரும்பாலோரையும் போல நாட்டில் பிரஜாவுரிமையும் இல்லை. தலைமன்னாரில் கப்பலேறி அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்கு, போவது என்று முடிவு செய்தான். தம்பியை ஹட்டனில் பள்ளிக்கூடம் நடத்திய சாமியாரிடம் ஒப்படைத்தான். புறப்படுகிற அன்று பணியக் கணக்குக்கு இறங்கி வந்தான். மலைத் தண்ணீர் தகரக் குழாயில் வந்து விழுகிற பீலியில் மரியநாயகி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். கஸ்பர் நின்றான். குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றான். பிறகு, "நீ சொன்னது போதும்" என்றான். சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்தைப் பார்க்க நடந்துவிட்டாள். வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பீலியில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அக்கரை போனவனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. மண்டபத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர். மூணாறு பக்கம் என்றார் இன்னொருவர்.

மரியநாயகி வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "ஓலை ஒருக்கா வாசிச்சாச்சு. அதத் திருப்பி வாங்கவா முடியும்?" என்றாள். அமிர்தநாதன் லீவுக்கு வந்தால் அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் மதினி என்று கூப்பிட்டால், "கல்யாணமே ஆகல, மதினியாம்ல மதினி" என்று நொடித்துக்கொண்டே இன்னொரு ரொட்டியைத் தட்டில் போடுவாள். ஒவ்வொரு லீவுக்கும் கடைசி நாள் அதே கேள்வி.

"கோர்ட்டுல நான் என்னடா தப்பாச் சொன்னேன்? கண்ணால பாத்தததான் சொன்னேன். அது இங்கிலீசுக்குப் போனதும் எப்பிடிடா பொய்யாப் போச்சு? நீ படிச்சிட்டு வந்து அத மட்டும் எனக்குச் சொல்லு. அவரு போகயிலயும் 'நீ சொன்னது போதும்'னு வெடுக்குனு சொல்லிட்டுப் போயிட்டாரு. என் வாயாலதான உள்ள போனாரு."

இந்தக் கேள்வியைத்தான் அமிர்தநாதன் மடியில் சப்பாத்தோடு பேராதனைக்குக் கொண்டுபோனான்.

அங்கே அவன் படித்த படிப்பைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்கள். ஆங்கிலம் நாக்கில் ஏறுவதற்காக, மகாவலி ஆற்றங்கரையில் போய் நின்று மரங்களைப் பார்த்து வாதாடுவான். கிளையில் உட்கார்ந்து கேட்கிற குரங்குகள்தான் ஜூரிமார். "இன்னைக்கு என்னடா தீர்ப்பு?" என்று கேட்டால், "ஏகமனதா விடுதலை. ஒரு ஜூரி மட்டும் வாழைப்பழத்தப் புடுங்கிட்டுப் போயிருச்சு" என்பான். முதல் வருஷ லீவில் அண்ணனின் வழக்குக் கட்டைத் தேடிப் போனான். பழைய கட்டெல்லாம் எங்கே கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் வருஷத்தில் சட்டத்துறை மாணவர்களுக்கு ஒரு குற்றவியல் வாதப் போட்டி வைத்தார்கள். நிஜக் கோர்ட் மாதிரியே நடக்கும். வழக்கு விவரமும் சாட்சிகளின் வாக்குமூலமும் அச்சடித்த தாளில் வரும். ஒருவன் மகாராணியின் பெயரால் அரசுத் தரப்பு, இன்னொருவன் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், தரப்பு. சாட்சியாக நடிக்க வேறு மாணவர்கள். தாளில் உள்ளதற்கு வெளியே யாரும் போகக்கூடாது, அதுதான் முக்கிய விதி. வென்றவனுக்கு மெடல். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. தலைமை தாங்க வருகிற ஓய்வுபெற்ற நீதிபதி, வென்றவனைக் கொழும்பில் தமக்குத் தெரிந்த ஒரு பெரிய அட்வகேட்டிடம் ஜூனியராகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாமன் சித்தப்பன் எல்லாம் வக்கீலாக உள்ள பையனுக்கு அது ஒன்றுமில்லை. லயத்திலிருந்து வந்தவனுக்கு அந்த உலகத்துக்குள் நுழைய வேறு வாசல் கிடையாது.

இறுதிச் சுற்றுக்கு அமிர்தநாதனும் ஜயசேகர என்ற கொழும்புப் பையனும் வந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் அமிர்தநாதனுக்கு அரசுத் தரப்பு விழுந்தது. தாளை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வாசிக்கத் தொடங்கினான். பக்கத்துக் கட்டிலில் இதை எழுதுகிறவன்.

ஒரு தோட்டம். ஜோசப் என்ற தொழிலாளி. காலையில் மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு, வேலை இல்லாமல் திருப்பி அனுப்பப்படுகிறான். பிற்பகலில் மூடுபனிக்குள் மேற்பார்வையாளருக்கு வெட்டு. எதிரிக்காக ஒரே சாட்சி, அவனுக்கு நிச்சயித்த பெண்.

அமிர்தநாதனின் கால் ஆடுவது நின்றது.

தாளைத் தயாரித்த விரிவுரையாளர் முன்பு மலைநாட்டுக் கோர்ட்டுகளில் ஜூனியராக அலைந்தவர். அங்கே நடந்த ஒரு வழக்கைத்தான் பேரையும் ஊரையும் மாற்றித் தந்திருந்தார். அமிர்தநாதன் விரலை வைத்து வரி வரியாக இறங்கி வந்தான். சாட்சியின் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: 'அன்று முழுவதும் அவன் பெயர் வேலைக் கணக்கில் இருந்தது.' அதற்கு அடுத்த வரி: 'செக்ரோலைக் காட்டியபோது அவன் பெயர் அதில் இல்லை என்று சாட்சி ஒப்புக்கொள்கிறாள்.'

அவன் அந்த ஆங்கிலத்தை வாய்க்குள் தமிழாக்கிப் பார்த்தான். வேலைக் கணக்கு. வேலை என்றால் பணி. பணிக் கணக்கு. பணி... கணக்கு.

"பணியக் கணக்கு" என்றான் உரக்க.

"என்னடா?"

"பணியக் கணக்குடா! மதினி எடத்தச் சொல்லியிருக்காங்க. அந்த மனுசன் அதப் பணி, கணக்குன்னு பிரிச்சு, செக்ரோல்ல பேரு இருந்துச்சுன்னு சொல்லி வெச்சிருக்காரு. அதுக்கப்புறம் செக்ரோலக் காட்டுனா அதுல பேரு எங்க இருக்கும்? பொய்யின்னுதான எழுதுவாங்க!"

எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கிடைத்துவிட்டது. ஒன்பது வருஷத்துக் கேள்விக்குப் பதில் அவன் கையில் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் வந்த வேகத்திலேயே இறங்கியது. தாளின் தலைப்பை மறுபடி பார்த்தான். அரசுத் தரப்பு: அமிர்தநாதன். அந்தப் பெண்ணிடம் செக்ரோலை நீட்டி, அதே கேள்வியைக் கேட்டு, பொய்க்காரி ஆக்க வேண்டியவன் அவன்தான்.

இறுதிச் சுற்று அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நீதிபதி வயதானவர், காது கூர்மை, பேச்சு மெதுவு. சாட்சிப் பெண்ணாக யாழ்ப்பாணத்து மாணவி திலகவதி வந்தாள். வேஷப் பொருத்தத்துக்காகத் தலையில் வெள்ளைக் கைக்குட்டையைக் கொழுந்துக்காரி மாதிரிக் கட்டியிருந்தாள். அது நெற்றியில் இறங்கி இறங்கி வந்ததில் சபை ஒரே சிரிப்பு. ஜயசேகர அவளை நயமாக விசாரித்து, வாக்குமூலத்தைச் சொல்லவைத்து உட்கார்ந்தான்.

அமிர்தநாதன் எழுந்தான். செக்ரோல் என்று அட்டை போட்ட புத்தகம் மேசைமேல் இருந்தது. அதைக் கையில் எடுத்தான். ஒரே கேள்வி. கேட்டால் முடிந்தது. மெடல், கொழும்பு, கறுப்புக் கோட்டு, எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு அந்தப் பக்கம் நின்றன. கூண்டில் திலகவதி கைக்குட்டையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் மிரண்டு பார்த்தாள். அவன் புத்தகத்தைக் கீழே வைத்தான்.

"இந்த வாக்குமூலத்தை எந்த மொழியில் கொடுத்தீர்கள்?"

அவள் தாளைப் பார்த்தாள். "தமிழில்."

"அந்தத் தமிழ்ச் சொற்கள் என்ன?"

திலகவதி தாளைப் புரட்டினாள். ஒன்றும் கிடைக்காமல், கூண்டுக்கு வெளியே குனிந்து தமிழில் கிசுகிசுத்தாள். "அமிர்தநாதன், இது தாளில இல்லையே. நான் என்னத்தைச் சொல்லுறது?"

கிசுகிசுப்பு கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சபை கொல்லென்று சிரித்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் அமிர்தநாதன், நீங்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்?"

"பணியக் கணக்குக்கு, கனம் நீதிபதி அவர்களே."

பின்வரிசையில் இரண்டே பேர் சிரித்தார்கள். அவர்கள் மலையகத்துப் பையன்கள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அமிர்தநாதன் விளக்கினான். தோட்டத்தில் கணக்கு என்றால் என்ன, பணிய என்றால் என்ன, அந்தப் பேச்சுத் தெரியாத ஒருவர் காதில் அது எப்படி விழும், விழுந்தது ஆங்கிலமானால் என்ன ஆகும், அதன் பிறகு செக்ரோல் என்ன செய்யும். குரல் உயரவில்லை. மகாவலிக் கரையில் பழகிய ஆங்கிலம் தடுக்காமல் வந்தது.

நீதிபதி ஜயசேகரவைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"எனக்கெதற்கு ஆட்சேபணை? என் கட்சியை எதிர்ப்பக்கமே வாதாடித் தருகிறது" என்றான் ஜயசேகர. மறுபடி சிரிப்பு.

"மிஸ்டர் அமிர்தநாதன், நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்பது நினைவிருக்கிறதா?"

"மகாராணிக்காக. உண்மை சொன்னவளைப் பொய்க்காரி என்று சொல்லி ஜெயிக்க வேண்டிய அவசியம் மகாராணிக்கு இருக்காது என்று நம்புகிறேன்."

ஜோசப் விடுதலை. மெடல் ஜயசேகரவுக்கு. தாளுக்கு வெளியே போனதற்கு மார்க் குறைக்காமல் விட முடியாது என்றார் நீதிபதி. அது நியாயம்தான். தேநீர் வேளையில் அவர் கோப்பையைக் கையில் பிடித்தபடி அமிர்தநாதன் பக்கம் நகர்ந்து வந்தார்.

"நிஜ ஜோசப் இப்போது எங்கே?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியவில்லை, ஐயா."

அவர் குடிக்காத கோப்பையை அப்படியே மேசைமேல் வைத்தார்.

அறைக்கு வந்ததும் இதை எழுதுகிறவன் பொரிந்து தள்ளினான். "ஏன்டா, அது நாடகம்டா! வாய மூடிக்கிட்டுச் செக்ரோலக் காட்டியிருந்தா மெடலு உன் சட்டையில. அதுக்கப்புறம் மதினிக்கிட்டப் போயி விசயத்தச் சொன்னா ஆகாதா? யாரு வேணாங்கிறா?"

அமிர்தநாதன் சப்பாத்தைக் கழற்றினான். இத்தனை காலம் ஆகியும் அது அவன் காலுக்குப் பழகியிருக்கவில்லை.

"அதே கேள்விய நான் கேட்டு, அதே மாதிரிச் செயிச்சிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்க முன்னால போயி நிக்கிறது?"

அந்த லீவுக்கு இருவருமாகப் போனார்கள். பணியக் கணக்கில் மாலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். கூடைகளோடு வரிசையில் நின்ற பெண்களில் அம்மாக்கண்ணு என்பவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், நம்ம வக்கீலு வந்திருக்காருடி! ஐயா, மொத வேலையா இந்தத் தராசு மேல ஒரு கேசு போடுங்க. கூடைக்குக் கூடை ராத்தலக் கடிச்சுத் தின்னுது."

"தராசுக்கு யாரு சாட்சி?" என்றான் அமிர்தநாதன்.

"எங்க முதுகுதான் சாட்சி. வேறென்ன?"

மரியநாயகி கடைசி ஆளாக நிறுத்துவிட்டு வந்தாள். வெறுங்கூடையைத் தலைக்கயிற்றோடு தோளில் மாட்டியிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்தது. "என்னடா, சொல்லாமக் கொள்ளாம? ரெண்டு பேருக்கும் மாவு பத்தாதே" என்றாள்.

"மதினி, உங்க கேள்விக்குப் பதிலு கெடச்சிருச்சு."

அவள் நின்றுவிட்டாள். அவன் சொன்னான். வழியிலேயே, தேயிலைச் செடி ஓரத்தில் நின்று சொன்னான். பணியக் கணக்கு எப்படி வேலைக் கணக்காகி, வேலைக் கணக்கு எப்படிச் செக்ரோல் ஆனது என்று.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னான்.

"பணியக் கணக்குன்னாப் பணியக் கணக்குதானடா. இந்தா, நாம நிக்கிறோமே, இது. இதுல வெளங்காமப் போறதுக்கு என்ன இருக்கு?" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, கூடை தோளில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "இதுக்காடா? இதுக்கா ரெண்டு வருசம்?"

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல மதினி. சொன்னது அத்தனையும் சரி. நான் அத அத்தன பேரு முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு நீதிபதியே கேட்டாரு."

சிரிப்பு நின்றது. அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். பீலிப் பக்கம் பார்த்தாள்.

"அப்ப, அவருக்குத் தெரியும்" என்றாள்.

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்குத்தான். அந்தக் கோர்ட்டுல இங்கிலீசு தெரிஞ்சவங்களுக்குத்தான வெளங்கல. அவரு கூண்டுல நின்னு நான் தமிழ்ல சொன்னதத் தமிழ்லதான கேட்டுக்கிட்டு நின்னாரு. நான் உள்ளதச் சொன்னேன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும்."

"ஆமா மதினி."

"அப்ப 'நீ சொன்னது போதும்'னாரே..." அவள் அந்தச் சொல்லை மெதுவாக, வேறு மாதிரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வெடுக்கென்று இல்லாமல், தலையைத் தடவிச் சொல்கிற மாதிரி. "நீ சொன்னது... போதும். கோவத்துல இல்லடா. ஊரே பொய்யின்னாலும் நீ சொன்னதே எனக்குப் போதும்னு சொல்லியிருக்காரு. சொல்லிட்டு நின்னாரே. எதுக்கு நின்னாரு? நான் ஏதாவது சொல்லுவேன்னுதான நின்னாரு? நானும் வர்றேன்னு ஒரு வார்த்த. நான் குடத்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

"எல்லாம் அந்த முதலியாரு பண்ணுன வேல, மதினி" என்றான் அமிர்தநாதன்.

"அந்த முதலியாரத் திட்டாத" என்றாள் மரியநாயகி. "அவராச்சும் இங்கிலீசுல தப்புப் பண்ணுனாரு. நான் தமிழ்லயே பண்ணிட்டேன்."

கூடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, மாவு பெசையணும்" என்று முன்னால் நடந்தாள். பீலியைத் தாண்டும்போது குனிந்து கால் கழுவுகிறவள் போல அங்கே கொஞ்சம் பிந்தினாள். முன்னால் போன இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அறுபத்தொன்பதாம் ஆண்டு. அமிர்தநாதன் சட்டத்தில் பட்டம் வாங்கினான். கொழும்பில் யாரிடமும் ஜூனியராகச் சேர இடம் கிடைக்கவில்லை, அட்வகேட் பரீட்சையும் எழுதவில்லை. ஹட்டனில் ஒரு தொழிற்சங்கத்தில் வேலை. தொழில் நீதிமன்றத்தில் தொழிலாளருக்காக ஆஜராகிறான். அதற்குக் கறுப்புக் கோட்டு வேண்டியதில்லை. அக்கரைக்குப் போகிறவர்களிடம் எல்லாம் அண்ணனின் அடையாளம் சொல்லி அனுப்புகிறான். நெற்றியில் சின்ன வெட்டுத் தழும்பு, வாய் கொஞ்சம் நீளம், கூரை வேலை தெரியும். கஸ்பர் இருக்கிற இடம் இன்னும் தெரியவில்லை. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, யார் இங்கே இருக்கிறார்கள், யார் அங்கே போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். தோட்டத்தில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆள் எங்கே என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுப்பதாக மரியநாயகி சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் அவள் பணியக் கணக்கில்தான் இருக்கிறாள்.